ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

நுரையீரல் நோயில் படுக்கையோடு கிடந்த புருஷன் யேசுராஜிடம் அன்னபுஷ்பம் நான்கு ஞாயிறாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரகடத்தில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டை மே மாதமே பொக்லைன் விட்டு வழித்துவிட்டார்கள். குடோன் வருகிறதாம். அது தெரிந்தால் மனுஷன் அன்றைக்கே கண்ணை மூடிவிடுவான் என்று அவளுக்குப் பயம்.

பன்னிரண்டு வருஷமாகப் பூசை முடிந்ததும் இருவரும் அங்கேதான் போவார்கள். பல இனக் குருவிகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடுவதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படியொரு பைத்தியம். கீழே தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறும். கிளம்புகிற பூச்சிக்காக மேலே கரிச்சான் காத்திருக்கும். வல்லூறு வந்தால் முதலில் கத்துவதும் அதுதான். சின்னானும் வால்காக்கையும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். அவன் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதுவாள். லீவு வேண்டுமென்றால் இல்லாத சித்தப்பாவைச் சாகடிக்கத் தயங்காத ஆள், நோட்டில் ஒரு குருவியைக் கூட்டிப் போட விடமாட்டான்.

படுக்கையில் விழுந்த இந்த நான்கு ஞாயிறாக அவளை மட்டும் அனுப்புகிறான். அவள் வந்து சொல்வதைக் கேட்கும்போதுதான் ஆக்சிஜன் குழாய்க்கு மேலே அவன் கண்ணில் உயிர் வரும். அந்த முகத்துக்காக எந்தப் பாவத்தையும் செய்யலாம் என்றிருக்கும் அவளுக்கு.

ஜூன் மாதத்து அந்த ஞாயிறும் போனாள், வேலியைப் பார்த்தபடி நின்றாள், திரும்பி வந்தாள்.

"இன்னா வந்துச்சு?"

"எல்லாந்தான். தவிட்டுக்குருவி பத்து, கரிச்சான் ரெண்டு." அவன் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படட்டுமே என்று ஆசை. "அரசவாலும் வந்துச்சுங்க. வெள்ளையா, நீட்டு வாலு."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அது பனிக்காலத்து விருந்தாளி. ஏப்ரலிலேயே ஊரைக் காலி செய்துவிடும். அவனுக்குத் தெரியாததா?

யேசுராஜ் மூச்சு வாங்க வாங்க அவனே தொடர்ந்தான்.

"அரசவாலு நடுக்கிளையில ஒக்காந்திருக்கும். கீழ தவிட்டுக்குருவி கெளறிகினு இருக்கும். எல்லாம் ஒண்ணா நகந்துகினே போயிருக்கும், இல்ல?"

"ஆமாங்க" என்றாள்.

"கேக்க நல்லா கீது. ஆனா இத நோட்டுல எழுதாத, புஷ்பம். போன நாலு வாரத்தையும் அடிச்சிடு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

"குடோன் வரப்போவுதுன்னு அப்பவே சொன்னாங்களே, மொத்தமும் வெட்டிட்டாங்களா?"

"வேலியோரம் ஒரு வேம்பு மட்டும் நிக்குது."

"அதுல?"

"கரிச்சான் ஒண்ணு ஒக்காந்துகினு இருந்துச்சு."

"கூட வேற எது?"

"எதுவும் இல்லீங்க. அது மட்டுந்தான்."

யேசுராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அத எழுது" என்றான்.

அவள் தேதி போட்டு எழுதினாள்: கரிச்சான், ஒன்று.