ஏழு முத்து

பிரசவம் பார்க்கப் போகிற வீட்டில் பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடியை நான் ஒருத்திதான் பார்ப்பேன். முழுசாக வந்ததா, பிய்ந்து உள்ளே தங்கிவிட்டதா என்று புரட்டிப் பார்த்த பிறகுதான் புதைக்க விடுவேன். "செபஸ்தியம்மா நர்சுக்கு அசிங்கத்தைக் கிளறுறதே பொழப்பு" என்று வாலிநோக்கத்தில் பேசுவார்கள். பேசட்டும். பேசுகிற வாயில் பாதி நான் வெளியே எடுத்துவிட்டதுதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில், உப்பு வண்டி ஓட்டுகிற தவசியின் பெண்டாட்டி ராமலெட்சுமிக்கு ஏழாம் மாதமே வலி கண்டது. ஆண் பிள்ளை. செத்துப் பிறந்தது.

தவசியின் ஆத்தா ராக்கு அழவில்லை. வாசலில் நின்றுகொண்டு மகனிடம் சொன்னாள்: "மொதப் பிள்ளையவே முழுங்கிட்டா, ராசி கெட்ட சிறுக்கி. நாலாம் நாளு வண்டியக் கட்டி, சாயல்குடியில அவ அப்பன் வீட்டுல எறக்கி விட்டுட்டு வா. வேற பொண்ணு பாத்துக்கிருவோம்."

தவசி தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ராமலெட்சுமிக்குப் பத்தொன்பது வயது. எல்லாம் காதில் விழ, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் வேலையை முடிப்போம் என்று நஞ்சுக்கொடியைச் சட்டியில் போட்டுக் கழுவினேன்.

கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், அங்கங்கே நொய்யரிசி பதித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நான் படித்த காலத்தில் டாக்டரம்மா ஒருமுறை இப்படி ஒன்றைக் காட்டியிருக்கிறார். பெரியம்மை கண்ட தாயின் நஞ்சுக்கொடி அது. கிருமி ரத்தத்தோடு போய் அங்கே புண்ணாக்கிவிடும், பிள்ளைக்குச் சோறும் மூச்சும் போகிற வழி கெட்டுப்போகும் என்றார்.

"ஏத்தா, உனக்கு அம்மை கண்டுச்சா?"

"ஏழு முத்துதான் நர்சம்மா. தோள்ல நாலு, வயித்துல மூணு. போன மாசம். சீக்கிரமே வாடிருச்சு."

சின்ன வயதில் அம்மை ஊசி குத்திய தழும்பு கையில் இருந்தது; அதனால் அவளுக்கு லேசாகப் போயிருக்கிறது. வயிற்றிலிருந்த பிள்ளைக்கு யார் குத்தினார்கள்?

"யாருகிட்டருந்து வந்துச்சு?"

அவள் வாசலைப் பார்த்தாள். ராக்குவின் முகம் முழுக்கப் புதுத் தழும்பு. மாசியில் ராக்கு அம்மை கண்டு கிடந்தபோது வேப்பிலை அரைத்துப் பூசியது, இளநீர் கொடுத்தது, துணி மாற்றியது எல்லாம் இந்தப் பிள்ளைத்தாய்ச்சிதான்.

"அப்பவே எங்கய்யா வீட்டுக்குப் போறேன்னு கேட்டேன்," என்றாள் ராமலெட்சுமி. "அம்மன் எறங்கியிருக்கிற வீட்டுலருந்து தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாதுன்னுட்டாக."

அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "ராக்கம்மா, இங்கன வாங்க. வந்து இதைப் பாருங்க."

"அந்தக் கருமத்தை நான் எதுக்குப் பாக்க?"

"பாக்கணும்." சட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "உங்க மூஞ்சியில கண்டதுதான் இதுலயும் கண்டிருக்கு. அவ பிள்ளைய முழுங்கல. உங்களுக்குப் பணிவிடை செஞ்சு பறிகுடுத்துட்டு நிக்கிறா."

ராக்குவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. சட்டியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதே ஆத்தா" என்று அப்போதுதான் அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்குச் சொல்ல வேண்டும்?

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு மகனைக் கூப்பிட்டாள். "ஏலே தவசி, வண்டி வேணாம்லே. அவ இங்கனயே இருக்கட்டும்."

இதற்கும் தவசி தலையை ஆட்டினான். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் நான் கையைக் கழுவப் போனேன்.

ராமலெட்சுமி சுவரிலிருந்து திரும்பினாள்.

"வண்டி வரட்டும்," என்றாள். "அன்னைக்குப் போறேன்னேன், விடல. இப்ப நானாத்தான் போறேன்."