ரெக்கார்டு அணிந்த குதிரை

மாங்கொல்லை அய்யனார் கோயில் சிமெண்டுக் குதிரை, கற்றல் குறைபாட்டுச் சிறப்பாசிரியர் பட்டயத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியது. ஆலங்குடியிலிருந்து மினிபஸ்ஸில் இருபது நிமிஷத் தொலைவில் இருக்கும் இந்த ஊரில் அந்த வருஷம் அந்தத் தேர்வை எழுதியவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் ஊர் நடுநிலைப் பள்ளியின் சுகுணா டீச்சர். அந்த வருஷம் கடலை நன்றாக விளைந்திருந்தது, தேங்காய்க்கும் விலை ஏறியிருந்தது. அதனால் ஊரில் இதை இரண்டு நாளைக்கு மேல் யாரும் பேசவில்லை. பேசாமல் விட்டது மறந்துபோகும் என்பதால் இங்கே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

சுகுணா டீச்சருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, பத்தொன்பது வருஷ சர்வீஸ். வாசிக்க வராத பிள்ளைகளை அவர் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று சோம்பேறி, மற்றது அழுத்தக்காரி. நான்காம் வகுப்பில் இருந்த காவ்யா இரண்டாம் வகை. தோப்புக்குள் ஒரு நடை போய்வந்தால் எந்த மரத்தில் எத்தனை காய் என்று மனசிலிருந்தே சொல்லிவிடுவாள். புத்தகத்தை விரித்தாலோ உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை வேண்டுமென்றேதான் வாசிக்காமல் இருக்கிறாள் என்று டீச்சர் முடிவு கட்டி, அதற்குத் தகுந்தபடி ஸ்கேலையும் எடுத்தார். இப்படி இருக்கையில் புதுக்கோட்டையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால்வாசிப் பேர் தூக்கத்தில் சாமியாடிக்கொண்டிருந்த நேரத்தில், மேடையில் நின்ற அம்மா டிஸ்லெக்சியா என்றால் என்ன என்று நாலு வரியில் சொன்னார். அந்த நாலு வரியும் காவ்யா. பெயரை மட்டும்தான் அந்த அம்மா சொல்லவில்லை. சுகுணா டீச்சர் சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தார். கைவிரலும் கால்விரலும் தீர்ந்துபோய், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அன்னவாசல் வாத்தியாரின் விரல்களையும் சேர்த்து எண்ண வேண்டியதாயிற்று. முப்பத்தொரு பேர். அடுத்த மாதமே திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில், சனி ஞாயிறுகளில் நடக்கும் இரண்டு வருஷப் பட்டயத்தில் சேர்ந்துவிட்டார்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். டீச்சரும் பழக்க தோஷத்தில் அவர்களை உட்காரச் சொல்லி, வருகைப் பதிவேட்டை எடுத்து முப்பத்தாறு பெயரையும் கூப்பிட்டு, தன் பெயருக்குத் தானே உள்ளேன் ஐயா சொல்லிவிட்டுத்தான் கடைசி பெஞ்சுக்குப் போனார். கேண்டீனில் பப்ஸ் தின்றார். லைப்ரரி கார்டை முந்தானையில் முடிந்துகொண்டார். ஒலிகளைப் பிரிப்பது, மணலில் விரலால் எழுதவைப்பது, குழந்தை திணறும்போது வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று அன்றன்று படித்ததையெல்லாம் திரும்பும் வழியில் கண்டக்டருக்கும் பூக்காரிக்கும் நடத்தினார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. வீட்டுக்காரர் ஆவுடையப்பன், தேங்காய் மண்டிக்காரர், சனி ஞாயிறுகளில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். இரண்டு வருஷமும் ரசம்தான்.

இரண்டாம் வருஷத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரே குழந்தைக்கு வருஷம் முழுக்கப் பாடம் சொல்லி, தினமும் நடந்ததை ரெக்கார்டாக எழுத வேண்டும். கடைசியில் ரெக்கார்டோடு குழந்தையைக் கூட்டிவந்து தேர்வாளர் முன்னால் வாசிக்கவைத்துக் காட்ட வேண்டும். குழந்தை வாசிக்காவிட்டால் டீச்சருக்குப் பட்டயம் கிடையாது. அது இல்லாமல் பள்ளியில் தனி வகுப்புத் தொடங்க அனுமதியும் கிடைக்காது. காவ்யாவின் ஆத்தா பொன்னுத்தாயோ, இந்த வருஷமும் வாசிக்க வரவில்லை என்றால் ஐந்தோடு நிறுத்திவிட்டு முந்திரி உடைக்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளைத் தாள் காவ்யாவுக்குக் கண் கூசியது. ஆகவே பாட அட்டைகளிலிருந்து ரெக்கார்டு வரை எல்லாவற்றையும் டீச்சர் ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதாத் தாள்களிலேயே எழுதினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு தாள்.

இங்கேதான் வினை வந்தது. மாசி மகத்துக்கு மாங்கொல்லைக்காரர்கள் அய்யனார் குதிரைக்குக் கலர்த் தாள்களை நூலில் கோத்துக் காகித மாலை போடுவார்கள். பன்னிரண்டடிக் குதிரை கழுத்திலிருந்து வால்வரை மாலைக்குள் மறைந்துவிடும். மாசி மாதத்தில் இந்த ஊரில் எந்த வீட்டில் கலர்த் தாள் இருந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மகத்தன்று சாயங்காலம் டீச்சர் மேசையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏங்க, இங்கன இருந்த கலர் பேப்பர்லாம் எங்கங்க?"

"குதிரைக்குத்தான்" என்றார் ஆவுடையப்பன். "மாலைக்காரர்ட்ட குடுத்துட்டேன்ல. நல்ல கெட்டிப் பேப்பருன்னு அவரே மெச்சுனாரு."

"அதுல எழுதியிருந்துச்சுங்களே!"

"நானும் பாத்தேன். என்னமோ வேண்டுதல் எழுதி வச்சுருக்கன்னு நெனச்சேன். இம்புட்டு வேண்டுதலான்னுதான் கொஞ்சம் யோசனையா இருந்துச்சு."

டீச்சர் அழுதார். அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. சிரித்துக்கொண்டே கோயிலுக்கு ஓடினார். அங்கே பூசாரி ஆண்டிச்சாமி கையை விரித்தார். குதிரைக்குப் போட்ட மாலை தானாக உதிர வேண்டும், யாரும் கழற்றக் கூடாது.

"நீங்க வேணா புள்ளையக் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வந்து படிங்க டீச்சர். அது ஒண்ணும் சொல்லாது" என்றார்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தினமும் பள்ளி விட்டதும் டீச்சரும் காவ்யாவும் குதிரையடியில் அண்ணாந்து நின்றார்கள். மூன்றாம் நாள், இவர்களுக்குக் கழுத்து வலிக்கிறது என்று பார்த்துக் குதிரை தன் கழுத்தைத் தாழ்த்திக்கொடுத்தது. காற்றில் தாள்கள் படபடத்தன. அசையாத புத்தகத்தில் எழுத்துகள் நெளிகின்றன என்று இத்தனை நாளாகச் சொல்லிவந்த காவ்யா, படபடக்கிற தாளில் எழுத்துகள் அப்படியே நிற்கின்றன என்றாள். ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டினாள். குதிரை ஒவ்வோர் ஒலிக்கும் முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியது.

டீச்சருக்கு மட்டும் ஒரு வியாதி போகவில்லை. பிள்ளை பாதிச் சொல்லில் நிற்பதைப் பார்த்தால் மீதியைத் தானே சொல்லிவிடுவார். பரீட்சையில் காத்திருத்தலின் அவசியம் பற்றி நாலு பக்கம் எழுதியவர்தான். ஆனாலும் நாக்கு கேட்காது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் குதிரை அவர் முகத்தில் புஸ்ஸென்று ஊதியது. கற்பூரமும் சிமெண்டும் கலந்த அந்த மூச்சில் டீச்சருக்கு மூன்று முறை கண்ணாடி கழன்று விழுந்தது. குதிரைக்கு அவசரமே இல்லை. ஒரு சொல்லுக்குப் பதினேழு நிமிஷம் காத்திருந்தது. நாற்பது வருஷம் நின்ற இடத்திலேயே நின்ற அனுபவம் அதற்கு இருந்தது.

தேர்வன்று விடியற்காலையில் குதிரை பீடத்தைவிட்டு இறங்கியது. ரெக்கார்டு அதன் மேல் இருக்கும்போது வேறு வழியும் இல்லை. காவ்யாவும் டீச்சரும் மேலே ஏறிக்கொள்ள, ஆவுடையப்பன் புளிச்சோறும் தண்ணீர்க் கேனும் கட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸில் பின்னால் போனார். கீரனூர் தாண்டி ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, அவரிடம் ஹெல்மெட் எங்கே என்று கேட்டார். குதிரையைப் பற்றி அவருக்குக் கேள்வி எதுவும் இல்லை.

பல்கலைக்கழக வாட்ச்மேன் குதிரையைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். தேர்வாளர் ரகுநாத் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். விதிப்படி ரெக்கார்டு தைத்திருக்க வேண்டும். நூலில்தான் கோத்திருக்கிறது, அதனால் குறை சொல்ல முடியாது என்றார். ஆனால் ரெக்கார்டை யார் வைத்திருக்கிறார்களோ அவர்தான் தேர்வர் என்றும் விதி இருந்தது. அலுவலகத்தில் பேசி, குதிரைக்கும் ஒரு ஹால் டிக்கெட் எழுதினார்கள். பிறகு ரகுநாத் காவ்யாவைப் பார்த்து, "எதாவது ஒரு தாளைப் படிம்மா" என்றார்.

காவ்யா கைக்கு எட்டிய மஞ்சள் தாளைப் பிடித்தாள். அது முதல் தாள். மற்ற நானூற்றுப் பதினொன்றில் ஒன்றை எடுத்திருக்கக் கூடாதா? குழந்தையின் முன்கதையை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்ததால் எழுதிய தாள் அது. காவ்யாவுக்கு வாசிக்கக் கொடுத்ததே இல்லை.

"கா... காவ்யாவை" என்று ஆரம்பித்தவள் நின்றாள். ஒரு நிமிஷம் போனது. ரகுநாத் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சரின் நாக்கு நுனிவரை சொல் வந்துவிட்டது. குதிரை ஊதுவதற்குத் தயாராக மூச்சை இழுத்தது. ஆனால் ஊதவில்லை. டீச்சர் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம் அப்படியே நின்றார்கள்.

"காவ்யாவை... நான்... மூன்று முறை... அடித்திருக்கிறேன். அவள் மேல்... தப்பில்லை. எனக்குத்தான்... தெரியவில்லை."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. வாசித்து முடித்தவள் தாளைவிட்டுத் தலையைத் தூக்கி, "டீச்சர், மூணு இல்லங்க. நாலு தடவ" என்றாள்.

"நாலா? நாலாவது எப்படா?"

"நீங்க காலேஜில சேந்தப்புறம்ங்க. ஒரு திங்கக்கெழம."

டீச்சருக்கு நினைவு வந்துவிட்டது. முதல் அசைன்மெண்டில் இருபதுக்கு நாலு வாங்கிவந்த மறுநாள். தன் தோல்வியைக் காவ்யாவின் முட்டியில் இறக்கிய நாள். எல்லோர் முன்னாலும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரகுநாத்திடம் பேனா வாங்கி, குதிரை தாழ்த்திய கழுத்தில் அந்த மூன்றை அடித்து நான்கு என்று எழுதினார். காவ்யா எட்டிப் பார்த்து அதையும் வாசித்துச் சரிபார்த்தாள். ரகுநாத் இரண்டு தேர்வர்களுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

போகும்போது ஏழு மணி நேரம் பிடித்த வழி, திரும்பும்போது மறுநாள் மத்தியானம்வரை இழுத்தது. சாலையில் கண்ணில் பட்ட போர்டையெல்லாம் காவ்யா குதிரை மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தாள். ஒரு போர்டை முடிக்கும்வரை குதிரை அடுத்த அடி எடுத்து வைக்காது. மாத்தூரில் ஒரு டயர் கடை, கீரனூரில் பல் ஆஸ்பத்திரி, நார்த்தாமலைப் பிரிவில் கோயிலுக்கு வழி, புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் ஏழு மாடி விளம்பரம். பின்னால் பஸ்கள் வரிசையாக நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒரு பஸ்ஸின் டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, காவ்யா கூட்டிய ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவரும் மாங்கொல்லைப் பள்ளியில் படித்தவர்தான்.

பல் ஆஸ்பத்திரிக்கு மட்டும் இருபத்தைந்து நிமிஷம் ஆனது. சுகுணா டீச்சர் வாயே திறக்கவில்லை.