நான்கு டிகிரி

சரக்கைப் பார்த்து விலை பேசுகிறவனை ஏமாற்றிவிடலாம். கடைக்காரன் முகத்தைப் பார்த்து விலை பேசுகிறவனிடம் ஜம்பம் சாயாது. தலைநகர் அம்மானிலிருந்து வந்திருந்த தணிக்கையாளர் டாக்டர் ஹைத்தம் குபைன் இரண்டாவது ரகம். அந்த மலைநகரத்து அரசு தடய அறிவியல் கூடத்தின் அங்கீகாரம் இன்று அவர் பேனா முனையில் இருந்தது. அது போனால் கூடத்தின் அறிக்கையை எந்த நீதிபதியும் கையால் தொடமாட்டார்.

ஏலக்காய்க் காபியை ஒரு மிடறு விழுங்கிவிட்டு, உயிரியல் பிரிவின் குளிர்பெட்டிப் பதிவேட்டைப் புரட்டினார் ஹைத்தம்.

தர அலுவலர் ருதைனா குளிர்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள், கொலை நடந்த இடத்தில் பஞ்சில் ஒற்றிய ஒரு ரத்த மாதிரி இருந்தது. அந்த வழக்கில் எட்டு மாதமாக உள்ளே கிடக்கும் லாரி ஓட்டுநர் ஆயித், அது தன் ரத்தமே இல்லை என்று சாதிக்கிறான். மறுசோதனைக்கு நீதிமன்றம் உத்தரவு போட்டாயிற்று. மாதிரி கெட்டிருந்தால் அவனுக்கு வேறு கதி இல்லை.

"நாலு டிகிரி, நாலு, நாலு... என் சம்சாரம்கூட இத்தன மாசம் ஒரே குணத்துல இருந்ததில்ல, அபூ கைஸ்," என்றார் ஹைத்தம்.

அபூ கைஸ் என்கிற முன்திர் சிரித்தார். பிரிவில் இருபது வருடம்; பதிவேடு அவர் பொறுப்பு. "நல்ல பொட்டி டாக்டர். கண்ணு வெச்சிடாதீங்க."

ஹைத்தமின் விரல் ஜனவரியில் நின்றது. "பதினாலு, பதினஞ்சு. பனி கொட்டின நாளு. நான் வழியில பெட்ரோல் பங்க்ல மாட்டிக்கிட்டு பிஸ்கட் தின்னுட்டுக் கெடந்தேன். ராணுவ வண்டியே இந்த மேடு ஏறல. நீங்க மட்டும் வந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நடந்து வந்தேன்."

"முழங்கால் பனியில?"

"கடமைன்னு ஒண்ணு இருக்கே. தங்கச்சியக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்."

இருவரும் ருதைனாவைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அங்கீகாரம் நிற்கும், முன்திர் பிழைப்பார். ஆனால் பனி பெய்த அன்று மின்சாரமும் போயிருந்தது. உள்ளே இருப்பது கெட்டுப்போன ரத்தம் என்றால், முத்திரை குத்திய பொய் ஒன்று ஆயித்தின் கழுத்தில் விழும்.

"அவர் வரல டாக்டர். யாருமே வரல. வாரத்துக்கு மொத்தமா எழுதி வெச்சுடுவார். ரெண்டு தடவ சொன்னேன், அப்புறம் விட்டுட்டேன். அது என் தப்பு."

முன்திரின் முகம் செத்துப்போயிற்று.

"அன்னிக்கு கரண்டும் போச்சே. ஜெனரேட்டர் ஓடிச்சா?"

"தெரியாது."

"அப்ப உள்ள இருக்கறத எப்படி நம்பறது?" ஹைத்தம் பேனா மூடியைத் திருகினார்.

ருதைனாவின் கண் பெட்டிக் கதவிலிருந்த பேட்டரி வெப்பமானியில் நின்றது. இதுவரை ஏறிய உச்ச அளவை அது நினைவில் வைத்திருக்கும், அழிக்கும் பொத்தானை அமுக்கும்வரை. தினமும் காலையில் அமுக்க வேண்டும் என்பது விதி.

"அபூ கைஸ், அந்த அழிக்கிற பொத்தானக் கடைசியா எப்ப அமுக்கினீங்க?"

முன்திர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொட்டதே இல்ல. அந்த ரத்தம் வர்றதுக்கு முன்னாடி, அக்டோபர்ல வெப்பமானியச் சரிபார்த்துக் கொடுத்தாங்கல்ல, அன்னியோட சரி."

வேறொரு நாளென்றால் அதற்கே விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருப்பாள். மூவரும் பெட்டியருகே போனார்கள். எட்டு டிகிரியைத் தாண்டியிருந்தால் மாதிரி கெட்டது, எல்லாம் முடிந்தது. உச்ச அளவைக் காட்டும் விசையை ஹைத்தம் தட்டினார். திரை ஒருமுறை வெறுமையாகி, திரும்ப வந்தது.

6.8.

ருதைனா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"சோம்பேறித்தனம் சாட்சி சொல்லி இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்றார் ஹைத்தம். முகத்தில் சிரிப்பில்லை. "மாதிரி பொழச்சுது. பதிவேடு பொழைக்கல. இந்தப் பிரிவோட அங்கீகாரத்த நிறுத்தி வெக்கறேன். அந்த மாதிரிய இன்னிக்கே அம்மானுக்கு அனுப்புங்க, அங்க சோதிக்கட்டும்."

அவர் போனபின் முன்திர் கரகரத்தார். "இருபது வருஷம், தங்கச்சி. ஒரே பேச்சுல கவுத்திட்டியே."

"எட்டு மாசமா ஒருத்தன் உள்ள இருக்கான், அபூ கைஸ். சாட்சிக் கையெழுத்து வேணும், வாங்க."

மாதிரியை வைத்த ஐஸ் பெட்டிக்கு முத்திரை வைத்து அவள் படிவத்தை நீட்டினாள். அதில் குளிர்பெட்டியின் வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் இருந்தது. வெளியே போலீஸ் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. முன்திர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குளிர்பெட்டி வெப்பமானியின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: 4.3.