அண்ணன் வெளியே போகட்டும்

என் வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும், மாத்திரை கொடுக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தோம். மாத்திரைப் புட்டியின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே கொண்டுவருவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

டாக்டரம்மா எச்சரித்துத்தான் இருந்தார். "கிருமி அடங்கியிருக்கு, நல்லது. ஆனா ஈரல்ல இன்னொரு வைரஸும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா ரத்தம் உறையுற ஆபத்து அதிகம். நீங்களோ நாள் முழுக்க லாரியில உக்காந்தே இருக்கீங்க. ஒரு கால் மட்டும் வீங்கினா உடனே போங்க. எந்த டாக்டர் பாத்தாலும் ரெண்டு வியாதியையும் சொல்லிடுங்க."

இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சுட்டது. அன்று பார்த்து டாக்டரம்மா லீவு. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, வெல்டிங் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவருடைய அண்ணன் வந்து நின்றார். தம்பி தும்மினாலே ஓடிவருகிற மனுஷர். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் அப்பா.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க," என்று இவர் காதில் கிசுகிசுத்தேன்.

"அண்ணன் வெளிய போகட்டும், சொல்றேன்."

கூட ஒருவருக்குத்தான் அனுமதி. அண்ணன் உள்ளே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து வேண்டாத தெய்வமில்லை.

இரண்டு பேரும் வெளியே வந்தபோது கையில் வலி மாத்திரையும் களிம்பும் இருந்தன. "தசைப்பிடிப்பாம்," என்றார் அண்ணன். இவர் என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்த்தேன்.

"நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேர் மட்டும் போலாம். கத்தாத."

காலையில் பல் துலக்கப் போனவர் மூச்சு முட்டி, குழாயடியிலேயே சரிந்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்துவிட்டதாம்.

பிணவறை வாசலில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இனி யாருக்காக மறைப்பது?

"மாமா, அவருக்கு எச்.ஐ.வி. இருந்துச்சு. உங்க முன்னால சொல்லக் கூசித்தான் டாக்டர்கிட்ட மறைச்சாரு."

அவர் அழுகை நின்றது.

"தெரியும்மா. காய்ச்சல்ல கெடந்தப்ப அவனே உளறிட்டான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவானேன்னு காட்டிக்கல." பிணவறைக் கதவைப் பார்த்தார். "வேற ஏதாவது வியாதி இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. அவன் என்னைப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னான். டாக்டர் என் பக்கம் திரும்பினாரு. நானும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."