தேய்த்த சிடி

சர்வர்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம், "எந்த ஹோட்டல்ல சர்வர்?" என்று கேட்டவர்களோடு பேச்சையே நிறுத்தியவர். பழைய லேப்டாப் ஒன்றில் யூனிக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, எல்லாவற்றையும் தன் கையாலேயே அமைத்து வைத்திருந்தார். அதைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி முகம் சிவந்துவிடும்.

அவர் மனைவி இருபது வருஷம் ரேடியோவில் செய்தி வாசித்தவள். பக்கவாதம் வந்து பேச்சு போய் எட்டு மாதம் ஆகிறது. "அவங்க குரலையே தினமும் கேட்க வைங்க, கூடவே சொல்லிப் பழகட்டும்" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருந்தார். அந்தக் குரல் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிடியில்தான். பழைய டேப்புகளை ரேடியோக்காரர்கள் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து சிடியைப் போட்டார். "வண... க்... செய்... வா..." என்று விக்கி விக்கி வந்தது. அவள் முகம் வாடிவிட்டது. இப்போது அவள் பேச முயன்றாலும் அப்படித்தானே வருகிறது, பாவம்.

"அத்தான், வேற சிடி ஒண்ணு போட்டுப் பாருங்களேன்" என்றான் சாப்பிட வந்திருந்த மச்சினன்.

"என் மெஷின்ல ஒண்ணும் இல்ல. சிடிலதான் கீறல். முப்பது வருஷமா இதுலதான் குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

பற்பசை தடவித் துடைத்தார். விக்கல் நிற்கவில்லை. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தார். ஊஹூம். மனுஷனுக்கு வீம்பு ஏறிவிட்டது. திருப்பி, எழுத்து இருக்கிற மேல்பக்கத்தையும் அழுத்தித் தேய்த்தார். துணியில் வெள்ளிப் பொடியாக ஏதோ ஒட்டியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷம் வேறு.

மறுபடி போட்டால் சத்தமே இல்லை. அப்போதுதான் ஒரு பாட்டு சிடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதுவும் விக்கியது.

லேப்டாப்பின் அமைப்புகளைத் தோண்டினார். சிடி டிரைவ் தகவலை நேராக மெமரிக்கு அனுப்புகிற வசதி அணைந்து கிடந்தது. அத்தனை சுமையையும் பிராசசரே சுமந்து திணறிக்கொண்டிருந்தது. அணைத்தது யார்? வேறு யார். ஆறு வருஷத்துக்கு முன்னால், மெஷின் அடிக்கடி உறைகிறது என்பதற்காக அவரே எழுதின வரி. பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பு வேறு.

அந்த வரியை மாற்றினார். பாட்டு தண்ணீர் மாதிரி ஓடியது. அவளுடைய சிடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குரல் பதிந்திருந்த வெள்ளிப் பூச்சு உதிர்ந்து, அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

மச்சினன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். "சொன்னேனே" என்று அவன் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அவள் மேஜையை விரலால் தட்டினாள், போடு என்று. எவ்வளவு நேரம்தான் மழுப்புவது?

"சிடி நல்லாத்தான் இருந்ததும்மா. கோளாறு என் மெஷின்ல. நான்தான் தேய்ச்சு அழிச்சுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். நல்ல காலத்தில் கோபம் வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். அப்படிக் கேட்கட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. திட்டாகவாவது ஒரே ஒரு வார்த்தை வராதா என்று நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தார். வரவில்லை. கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள்.