காலி நாற்காலிக்கு வந்தவர்கள்

அந்த ஆண்டு இரண்டாம் பருவத்தின் நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சீனத்துச் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் அடிப்பாகம் ஒட்டும் பெண்ணொருத்தி, நம் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், முப்பத்தொன்றாம் அறையில், காலியாகக் கிடந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கதவு வழியாகவும் வரவில்லை, ஜன்னல் வழியாகவும் வரவில்லை. அவள் உட்கார்ந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது என்பதில் மட்டும் அறையில் இருந்த ஆறு பேருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த ஆறு பேரும் ஒரே கருத்துக்கு வந்தது அந்தப் பருவத்தில் அதுவே முதல் முறை. நீல மேலங்கி போட்டிருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, அதற்குள் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள் என்றாள். அவள் என்ன மொழியில் பேசினாள் என்பது தெரியவில்லை. அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சாகவே அவரவர் காதில் விழுந்தது. இதை ஆராய மொழியியல் துறை ஒரு குழு அமைத்தது. கூட்டக் குறிப்பை எந்த மொழியில் எழுதுவது என்று முடிவாகாததால் அந்தக் குழு இன்றுவரை கூடவில்லை.

நாற்காலி காலியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 'தற்காலச் சீன, தைவான் சமூகங்கள்' என்ற பாடத்தைப் பதினான்கு ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் நடத்திவந்த விரிவுரையாளர் அம்மாள், திங்கட்கிழமை விரிவுரை, செவ்வாய்க்கிழமை கருத்தரங்கு என்று வைத்திருந்தார். கருத்தரங்கில் ஒரு நாற்காலியை எப்போதும் காலியாக விடுவார். யாரைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறோமோ அவர் அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேச வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, புறணி என்பார். பதினான்கு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவை மாணவர்களின் பைகள், ஈரக் குடைகள், ஒருமுறை ஒரு பூனை. அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் பாடத்தை எடுத்தவர்கள் ஐந்து பேர். பத்துக்குக் குறைந்தால் பாடத்தை மூடிவிடலாம் என்பது விதி. ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை மதியத்தோடு பாடம் நிறுத்தப்படும், அறை பூட்டப்படும், அம்மாளின் ஒப்பந்தமும் அத்தோடு முடியும், அடுத்த பருவம் முதல் அங்கே 'நேர்முகத் தேர்வில் புன்னகைப்பது எப்படி' என்ற பயிற்சி நடக்கும் என்று கடிதம் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டவர் பதிவாளர். பதிவாளர் அம்மாளின் உடன்பிறந்த அண்ணன். அலுவலகத்தில் 'சார்', வீட்டில் 'அண்ணே'. இரண்டையும் மாற்றிக் கூப்பிட்டுவிடாமல் இருக்கவே அம்மாளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது.

செருப்புப் பெண் வந்த அன்று கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தவன் 'அடிக்குறிப்பு' என்று பெயர் வாங்கிய மாணவன். தண்ணீர் தாகம் எடுக்கிறது என்றால்கூட அதற்கு மூன்று ஆதாரம் காட்டுவான். கிராமங்களிலிருந்து நகரத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள், குடும்பப் பதிவு சொந்த ஊரில் இருப்பதால், உழைக்கிற நகரத்தில் பாதி உரிமையோடுதான் வாழ்கிறார்கள் என்பதுவரை சரியாகத்தான் வாசித்தான். பிறகு, "இவர்கள் குரலற்றவர்கள்" என்று ஒரு வரி வந்தது. அப்போதுதான் நாற்காலி கிறீச்சிட்டது.

"யாருப்பா அந்த வாயில்லாப் பூச்சி?" என்றாள் அவள். "எங்க லைன்ல வந்து பாரு. சூப்பர்வைசர் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுதான் நடப்பாரு."

அடிக்குறிப்பு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியாமல் விழித்தான். அவள் அதற்குள் புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். விரிவுரையாளரின் பேர்பெற்ற படம் அது. தொழிற்சாலை விடுதி, அடுக்குக் கட்டில்கள், கீழ்க் கட்டிலில் ஒரு பெண் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருப்பாள். அந்தக் கைகளை வைத்து அம்மாள் நாற்பது பக்கம் எழுதியிருந்தார்: சோர்வு, தனிமை, நவீன உழைப்பின் மௌனக் கண்ணீர். அதற்கு ஒரு பரிசும் கிடைத்திருந்தது. அது அவர் வீட்டு அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"அட, நானு!" என்றாள் செருப்புப் பெண். "அழுவுறேன்னா எழுதியிருக்கீங்க? மேல் கட்டில்காரி ஒரு ஜோக் சொன்னா, அக்கா. சிரிச்சா வார்டன் வந்துடும்னு வாயப் பொத்திக்கிட்டேன்." அந்த ஜோக்கையும் சொன்னாள். இங்கே எழுதக்கூடியது இல்லை. "கஷ்டம் இல்லன்னு சொல்லல. பன்னெண்டு மணி நேரம் நின்னா காலு மரமாயிடும், அத எழுதுங்க. ஆனா சிரிச்சதயும் எழுதுங்க. ரெண்டுல ஒண்ண மட்டும் எழுதினா அது நான் இல்ல."

பதினான்கு ஆண்டு சட்டென்று தலையில் விழுந்தால் யாரும் கொஞ்சம் தள்ளாடுவார்கள். அம்மாள் வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள், இருபதாவது நிமிடம் எழுந்தாள், அதன்பின் அங்கே இல்லை. பதிவேட்டில் லேசாகப் பசை ஒட்டியிருந்தது. அந்த வாரமே அம்மாள் தன் பழைய மாணவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று கடிதம் எழுதினார். நாற்பது பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவன், 'கவலைப்படாதீங்க மேடம், நான் அன்னைக்குத் தூங்கிட்டேன்' என்று ஆறுதல் சொல்லியிருந்தான்.

ஐந்தாவது வாரம் தைவான். நகரமும் குப்பையும் என்பது தலைப்பு. அங்கே குப்பை லாரி பாட்டு இசைத்துக்கொண்டே தெருவுக்கு வரும், மக்கள் பையோடு வாசலில் காத்திருந்து தாங்களே போட வேண்டும் என்று அம்மாள் சொல்லி வாய் மூடவில்லை, வராந்தாவில் இசை கேட்டது. இரண்டாம் மாடி வராந்தாவில் மஞ்சள் லாரி ஒன்று, இரு பக்கமும் மூன்று விரல் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தது. எப்படி ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. எப்படி இறங்கும் என்பதே அப்போது பெரிய கவலை. ஓட்டுநர் இறங்கி, இதில் காகிதம், இதில் மிச்சச் சோறு, இதில் மற்றது என்று அதட்டினார். கட்டடமே பையோடு வரிசையில் நின்றது. துறைத்தலைவர் பதினோரு ஆண்டு கூட்ட அறிக்கைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார். ஓட்டுநர் ஒன்றைப் பிரித்து இரண்டு வரி வாசித்துவிட்டு, "இது காகிதத்துல சேராது சார், மற்றதுல போடுங்க" என்றார்.

அதற்குப்பின் வருகை கூடிக்கொண்டே போனது. பூங்காவில் விரித்த குடைமேல் மகளின் உயரம், படிப்பு, வேலை எல்லாம் எழுதி ஒட்டி மாப்பிள்ளை தேடும் தாய் ஒருத்தி வந்து, அடிக்குறிப்பிடம் அவன் உயரத்தைக் கேட்டாள். மறுநாள் அந்த மகளே வந்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, தன் பதில் கட்டுரையை வாசித்தாள். ஒருநாள் செருப்புப் பெண்ணுக்கும் லாரி ஓட்டுநருக்கும், சீனக் கரையும் தைவான் கரையும் ஒரே வீடா தனித்தனி வீடா என்று சண்டை மூண்டது. இருவரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அம்மாள் தன் வழக்கமான விதியைச் சொன்னார்: பதில் பேசுமுன், எதிராளி சொன்னதை எதிராளி தலையாட்டும்வரை அவர் வாயால் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். இதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சாப்பாட்டு இடைவேளையின் இருபது நிமிடம் அன்று ஒன்றே முக்கால் மணி நேரமாக நீண்டதை யாரும் குறை சொல்லவில்லை. சம்மதம் வரவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதிவாளர் தங்கை வீட்டுக்கு வந்து, ஒழுகும் குழாயைச் சரிசெய்தபடியே பேச்சை எடுத்தார்.

"உன் கிளாஸுக்கு வர்றவங்க ஒருத்தருக்கும் அடையாள அட்டை இல்ல. நான் எப்படிம்மா அவங்கள எண்ணுறது?"

"அடையாள அட்டை வச்சிருக்கிற உன் ஆபீஸ்ல பாதிப் பேரு ஆளே வர்றதில்லியே அண்ணே. அவங்கள எண்ணுறியே."

"தங்கச்சிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். நீ பூட்டு. நான் நிறுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை நீ பூட்ட வர்ற நேரத்துக்கே வகுப்பு வச்சிருக்கேன்."

"நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான்" என்றார் அவர். குழாய் அத்தோடு ஒழுகுவதை நிறுத்தியது. மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். பத்தொன்பது வயதில், அப்பா போன மறுமாதம், கல்லூரியை விட்டுவிட்டு இதே பல்கலைக்கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். தங்கை படித்தாள். அவர் நன்றியை எதிர்பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்து இருவருக்கும் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் பதிவாளர் புதுப் பூட்டோடும், பராமரிப்புப் பிரிவிலிருந்து வாங்கிய கருவிப் பெட்டியோடும் வந்தார். அறைக்குள் நாற்பத்தொரு பேர். வாசலில் செருப்புப் பெண் நின்றிருந்தாள்.

"நீங்க எந்தத் துறை?" என்றார், பழக்க தோஷத்தில்.

"ஒட்டுற பிரிவு" என்றாள். பிறகு அவரையும் விரிவுரையாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்க உங்க தங்கச்சியா? மூக்கே சொல்லுது. யாரு படிக்க வச்சது?"

பதிவாளர் பூட்டைப் பார்த்தார்.

"நானும் என் தம்பிய படிக்க வச்சேன்ணே. எட்டாவதோட நான் நின்னுட்டேன், அவன் இன்ஜினியர். இப்ப போன் பண்ணா, அக்கா மீட்டிங்ல இருக்கேன்ங்கிறான்."

அலுவலக நேரத்தில் பதிவாளர் சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள். "இவளும் அதேதான் சொல்வா" என்றார்.

"என்ன படிச்சான்னு எனக்குத் தெரியவே தெரியாது. சொன்னா உனக்குப் புரியாதுக்கான்னு சொல்வான். அதான், என்னயப் பத்தி எங்கயோ படிக்கிறாங்கன்னதும் வந்துட்டேன். நீங்க உள்ள வந்து கேட்டிருக்கீங்களா?"

பதினான்கு ஆண்டில் அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை. மின்விசிறி எண்ணிக்கை எடுக்கக்கூட வேறு ஆளைத்தான் அனுப்புவார். அன்று உள்ளே வந்து, கடைசி வரிசையில், மடியில் பூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாள் பேசினார். பெற்றோர் வேலை தேடி நகரம் போக, ஊரிலேயே விடப்படும் பிள்ளைகளைப் பற்றியும், தம்பி தங்கைகளுக்காகப் படிப்பை நிறுத்திய மூத்த பிள்ளைகளைப் பற்றியும் பேசினார். விதிப்படி, யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவரைப் பார்த்தே பேசினார். ஆகவே அன்று முழுக்க அவர் கண் கடைசி வரிசையிலேயே இருந்தது. நடுவில், "இதை நான் முப்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று குறிப்பில் இல்லாத ஒரு வரியைச் சொன்னார். பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. பதிவாளர் எழுந்தார். "எல்லாரும் வெளிய வாங்க" என்றார், சார் குரலில். வந்தார்கள். கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "கதவப் பூட்டுன்னு உத்தரவு. பூட்டியாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். நாற்பது ஆண்டு உத்தியோகத்தில் ஒரு பேனாவைக்கூட எங்கும் மறந்து வைக்காத மனிதர், அன்று திருப்புளியை வராந்தா ஜன்னல் விளிம்பில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. செருப்புப் பெண் தன் கையால் ஒட்டிய செருப்பைக் கழற்றி, அதன் குதியால் கீல் ஆணிகளைத் தட்டி எடுத்தாள். அவ்வளவு தட்டியும் ஒட்டு விடவில்லை என்பதை எல்லோரிடமும் காட்டினாள். அடிக்குறிப்பு, வாழ்க்கையில் முதல் முறையாக ஆதாரம் எதுவும் கேட்காமல், பூட்டு மாட்டியிருந்த நிலை வளையத்தை அந்தத் திருப்புளியால் திருகிக் கழற்றினான். லாரி ஓட்டுநர் ஒரு பக்கமும் குடைக்காரத் தாய் மறுபக்கமும் பிடிக்க, கதவு பூட்டோடும் கொண்டியோடும் அப்படியே உள்ளே போய், இரண்டு மேசைமேல் படுத்தது. அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செருப்புப் பெண்ணின் இடைவேளை முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. விரிவுரையாளர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பதிவாளர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை மூன்று வரி: 'உத்தரவுப்படி முப்பத்தொன்றாம் அறையின் கதவு பூட்டப்பட்டது. சாவி என்னிடம் உள்ளது. பூட்டு இன்றுவரை திறக்கப்படவில்லை.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூடவே, எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு பேர் இருந்ததாகவும் எழுதினார். இருந்ததை இல்லை என்று அவர் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை. மேலிடம் மூவர் குழுவை அனுப்பியது. அவர்கள் வாசலில் நின்று, இந்த மாதிரி ஆட்களை உள்ளே விட்டால் பல்கலைக்கழகத்தின் தரம் என்ன ஆகும் என்று தங்களுக்குள் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் அந்த மாதிரி ஆட்கள் இருநூறு பேர் வராந்தாவில் நின்று, "எந்த மாதிரி?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். குழு அறிக்கை தரவில்லை. தரமும் அதன்பாட்டில் இருந்தது.

அடுத்த ஆண்டு அட்டையோடு பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள், அதற்கடுத்த ஆண்டு அறுபத்து மூன்று. புன்னகைப் பயிற்சி கீழ்த்தளத்துக்குப் போய், சேர ஆளில்லாமல் நின்றது. அம்மாளுக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் வேலை நிரந்தரமானது. பதிவாளர் ஓய்வு பெற்றார். மறு திங்கட்கிழமையே விண்ணப்பம் நிரப்பி, புகைப்படம் ஒட்டி, வரிசையில் நின்று அந்தப் பாடத்தில் சேர்ந்தார். முதல் தேர்வில் தங்கை அவருக்கு நூற்றுக்கு நாற்பத்தாறு போட்டார். அவர் மறுமதிப்பீடு கேட்டார். நாற்பத்து நான்காகக் குறைந்தது.

புதிதாக வந்த பதிவாளர் இளைஞர், கறார் பேர்வழி. தளவாடக் கணக்கெடுப்புக்கு மாடி மாடியாக ஏறி வந்தவர், முப்பத்தொன்றாம் அறை முன் நின்று, கதவு எங்கே என்று அலுவலக உதவியாளரைக் கேட்டார்.

"அது மேலதான் சார் எல்லாரும் எழுதிக்கிட்டு இருக்காங்க" என்றார் உதவியாளர்.

பதிவாளர் எட்டிப் பார்த்தார். உள்ளே கூட்டம். வாடகை பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவன், தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல், யாருடைய கட்டுரையிலோ ஒரு வரியை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தான். பதிவாளர் பட்டியலில் 'கதவு' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். கீழே, 'மேசை, ஒன்று, பூட்டுடன்' என்று எழுதி, அடுத்த அறைக்குப் போனார்.