ஏரிக்கு அரை அடி

வடதாங்கல் ஏரியின் அளவுகல்லை மூன்றாம் முறையாகப் படித்தாள் பொறியாளர் மஞ்சுளா. மூன்று முறையும் ஒரே எண்தான். இருபத்திரண்டு அடி, ஐந்து அங்குலம்.

கைப்பேசியைத் திறந்து, காலை ஆறு மணிக்கு லஸ்கர் கோதண்டம் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தாள். இருபத்தொரு அடி, பதினோரு அங்குலம். நடுவில் ஒரு சொட்டு மழை கிடையாது. இரண்டு நாளாக வரத்துக் கால்வாயில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். எட்டு மணி நேரத்தில் ஆறு அங்குலம் எங்கிருந்து முளைத்தது?

மணி ஒன்று ஐம்பது. இரவு எட்டுக்கு மேல் மிகக் கனமழை என்று வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஐந்து ஏரிகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, வடதாங்கல் ஏரியில் தண்ணீர் திறக்கத் தேவையில்லை என்று கணினி சொன்ன நிம்மதியில், சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். கணினிக்குக் காலைக் கணக்குதான் தெரியும். கனமழைக்கு முன்னால் மட்டம் இருபத்திரண்டு அடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இருபத்தொன்று பதினொன்று என்றால் உள்ளே. இருபத்திரண்டு ஐந்து என்றால் வெளியே. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

கோதண்டம் மதகின் ஷட்டர் மேடையில் நின்று திருகுகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. மட்டம் பார்த்துச் சொல்வதும் ஷட்டர் ஏற்றி இறக்குவதும்தான் லஸ்கர் வேலை. அதை முப்பது வருஷமாக இதே கரையில் பார்க்கிறார்.

"அண்ணா, காலைல நீங்கதான பார்த்தீங்க?"

"நான்தான் பார்த்தேன். ஏன் மேடம்?"

"ஆறு அங்குலம் இடிக்குதே."

அவர் திடுக்கிடவில்லை. கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்தார். "அது ஏரிக்கு அரை அடி மேடம்."

"என்னது?"

"இருபது தாண்டிச்சுன்னா அரை அடி கொறச்சித்தான் எழுதுவோம். எங்கப்பா லஸ்கரா இருந்தப்பவும் அப்படித்தான். கார்த்திகை முடியற வரைக்கும் இருபத்தொண்ணுக்கு மேல நிக்கக்கூடாதுன்னு பழைய ஆர்டரு. வானம் காஞ்சி கெடந்தாலும் தொறந்து வுடணும். அப்புறம் கோடைக்கு ஊரு இன்னாத்தக் குடிக்கும்? அதான் அரை அடிய ஒளிச்சி வெப்போம். முன்னாடி இருந்த சாருங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க மனசுலயே கூட்டிக்குவாங்க."

மனசுலயே கூட்டிக்குவாங்க! ஒன்றரை வருஷம் உட்கார்ந்து நாற்பது ஆண்டு ஏட்டையும் புரட்டி, மழை வருமென்றால் முன்கூட்டியே இறக்கு, வராதென்றால் நிறையவே வைத்துக்கொள் என்று புது அட்டவணை போட்டவள் மஞ்சுளா. அந்த நாற்பது ஆண்டு ஏட்டிலும் அரை அடி ஒளிந்திருக்கிறது. அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"புது விதியில வறட்சிக்கும் சேர்த்துத்தானே கணக்குப் போட்டிருக்கு? போன வருஷம் இப்படி எதுவும் இடிக்கலையே?"

"போன வருசம் உங்கள நம்பி நெசத்த எழுதினேன் மேடம்." கோதண்டம் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார். "இன்னா ஆச்சி?"

என்ன ஆயிற்று என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோதனை ஓட்டத்தின் முதல் வருஷம். புயல் வருகிறது என்று மூன்று நாள் திறந்துவிட்டாள். புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. சித்திரையில் ஏரி நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பன்னிரண்டு ஊருக்குக் குடிநீர் லாரியில் போயிற்று.

"அதான் இந்த வருசம் இருபது தாண்டினதுலேர்ந்து அஞ்சு நாளா மறுபடியும் கொறச்சி எழுதறேன். நீங்களும் மனசுல கூட்டிக்குவீங்கன்னு நெனச்சேன். உங்க கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லலேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவளுக்கு மனதில் வேறு கணக்கு ஓடியது. ஆயிரத்து நூறு ஏக்கர் பரப்பில் ஐந்து அங்குலம். உபரிக் கால்வாய் கரை உடையாமல் தாங்குவது விநாடிக்கு ஆயிரத்து இருநூறு கன அடி. அப்படித் திறந்தால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். எட்டு மணிக்கு மழை. மூன்று மணிக்குள் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால்? முன்பெல்லாம் மேலே பெய்த மழை வயல் வயலாக ஊறி ஏரிக்கு வந்து சேர ஒரு நாள் பிடிக்கும். இப்போது மேலே எல்லாம் தொழிற்சாலைக் கூரை, கான்கிரீட் தளம். மூன்று மணி நேரத்தில் மொத்தமும் வந்து விழும். நடு இரவில் நான்காயிரம் கன அடியை அப்படியே திறந்துவிட வேண்டி வரும். கால்வாய்க் கரையில், தாழ்வில், ஷிப்ட் ஆட்கள் வாடகைக்குத் தங்கும் அறைகள் வரிசையாக நிற்கின்றன. உறங்குகிறவர்கள் மேல் தண்ணீர் போகும்.

செயற்பொறியாளர் ரகுபதியை அழைத்தாள்.

"சார், வடதாங்கல் திறக்கணும். உத்தரவு வேணும்."

"காலைல வேண்டாம்னுதானம்மா வந்துச்சு? ரீடிங் என்ன?"

கோதண்டம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"இருபத்திரண்டு அஞ்சு சார்."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "அரை அடியா? இன்னுமா அது நடக்குது?"

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நான் அங்க ஆறு வருஷம் அசிஸ்டென்ட் இன்ஜினியரா இருந்தவன்மா."

"நான் விதி எழுதினப்ப நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"இதெல்லாம் பேப்பர்ல வர்ற விஷயமா? எனக்கு ஞாபகமே வரல." தொண்டையைச் செருமினார். "சரி, தெறந்துடு. ஆனா ரீடிங்கைத் தொடாத. தொட்டா அஞ்சு நாள் ரீடிங் பொய்னு ஆகும். அந்த ஆள் சஸ்பெண்ட். போன வருஷத்துக்கு அப்புறம் உன் விதியை எப்படா தூக்கலாம்னு மேல காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கும் நல்ல சாக்கு."

"ரீடிங்கை மாத்தாம கணினி உத்தரவு நம்பர் குடுக்காது சார். நம்பர் இல்லாம திறந்தா, கீழ சைரன் ஊதாது. கலெக்டர் ஆபீசுக்கும் தகவல் போகாது."

"அப்ப உன் பொறுப்பு." தொடர்பு துண்டிக்கப்பட்டது.

அந்த நேரத்தில் பார்த்து, கரைமேல் புல்லட் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார் ராஜாமணி. ஏரிப் பாசனச் சங்கத் தலைவர். ஷட்டர் பக்கம் யார் நின்றாலும் அவர் மூக்கு வேர்க்கும்.

"இன்னா மேடம், சாவிய எடுத்தாச்சா? போன வருசம் மழை ஆந்திராவுக்குப் போச்சி, தண்ணி கடலுக்குப் போச்சி, நீங்க வூட்டுக்குப் போய்ட்டீங்க. நாங்க குடத்த எடுத்துகினு லாரி பின்னால ஓடினோம். இந்த வருசம் எங்க ஓடறது, அதையும் சொல்லிட்டுத் தொறங்க!"

"அஞ்சு அங்குலம்தான் இறக்கப் போறோம் ராஜாமணி. போன வருஷம் மாதிரி மூணு அடி இல்ல."

"அங்குலம்னு ஆரம்பிச்சிதான் அடியாவும்."

கோதண்டம் மேடையிலிருந்து குரல் கொடுத்தார். "யோவ் ராஜாமணி, கால்வாய்க் கரையில இருபத்தாறு ரூம் கட்டி வாடகைக்கு வுட்டுக்கீறியே, அது யாருது?"

ராஜாமணி தாழ்வுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாசன வாய்க்கால் பக்கம் நாலு ஏக்கர் வயலும் அவருடையதுதான், தாழ்வில் இருபத்தாறு அறையும் அவருடையதுதான். இரண்டையும் ஒரே ஏரி பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் அவரிடம் இப்படிச் சேர்த்துச் சொன்னதில்லை.

"எம்மாந் தண்ணி வரும்?" என்றார், குரல் இறங்கி.

"இப்ப திறந்தா உங்க ரூம் படி நனையாது. ராத்திரி திறந்தா ஜன்னல் வரைக்கும் வரும்," என்றாள் மஞ்சுளா. "ஆனா தரைப்பாலம் முழுகும். மூணு மணிக்கு ஷிப்ட் மாறுது. ஒரகடம் பஸ் எல்லாம் அதுமேலதான் போகும். நாப்பது நிமிஷத்துல தண்ணி அங்க இருக்கும். உங்க டிராக்டரைக் குறுக்கே போட்டு நிறுத்துங்க. எல்லாரும் மெயின் ரோடு சுத்திப் போகட்டும்."

"தொறக்காதன்னு சண்டை போட வந்தவனுக்கே வேலை குடுக்கறியாம்மா நீ?"

"வேற ஆள் இல்ல."

அவர் வண்டியை உதைத்தார். "மழை மட்டும் வரல, சித்திரையில உன் ஆபீஸ் வாசல்லதான் எனக்குச் சாப்பாடு. எழுதி வெச்சிக்கோ!" கரைமண் பறக்கப் போனார்.

மேடையில் இரண்டு பேர் மட்டும். மஞ்சுளா கைப்பேசியில் ரீடிங் பக்கத்தைத் திறந்தாள். 'காரணம்' என்று ஒரு கட்டம் கேட்டது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அதையும் வைத்தவள் அவளேதான். யாரும் சும்மா எண்ணை மாற்றிவிடக் கூடாதே என்று.

"கல்லுல பாசி, கண்ணு சரியா தெரியலன்னு போடுங்களேன்," என்றார் கோதண்டம்.

"அஞ்சு நாளுமா?"

"ஒரு நாளைக்குன்னு போடுங்க."

ஒரு நாள் என்று போட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். விதியும் தப்பிக்கும், இவரும் தப்பிப்பார். நாளைக்கு? மற்ற நான்கு ஏரிகளிலும் எத்தனை அரை அடிகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன? பென்னலூர்ப் பக்கத்து ஏரி லஸ்கர் காலையில் அனுப்பிய எண் சட்டென்று நினைவுக்கு வந்தது. அதுவும் அந்த ஏரியின் வரம்புக்கு ஒரே ஒரு அங்குலம் கீழே.

"அண்ணா, உங்களுக்கு இன்னும் எவ்வளவு சர்வீஸ்?"

"நாலு வருசம்."

அவர் கெஞ்சியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மணி இரண்டு பத்தொன்பது.

தட்டச்சு செய்தாள். 'ஐந்து நாட்களாக அரை அடி குறைத்துப் பதிவாகியுள்ளது. இது இங்கே பல ஆண்டு வழக்கம். விதி எழுதியபோது நான் இதை விசாரிக்கவில்லை. எல்லா ஏரிகளிலும் மட்டத்தை நேரில் சரிபார்க்க வேண்டும்.' அனுப்பு என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு இறங்கியது.

உத்தரவு எண் வந்தது. தொலைவில், தாழ்வில் வாடகை அறைகள் பக்கம், சைரன் ஊதத் தொடங்கியது.

கோதண்டம் அவள் கைப்பேசியை எட்டிப் பார்க்கவில்லை. ஆள் உயரச் சாவியைத் தூக்கித் திருகில் பொருத்தினார். இரண்டு முப்பத்தெட்டுக்கு ராஜாமணியின் அழைப்பு. பின்னணியில் ஹாரன் சத்தம், வசவு, யாரோ இந்தியில் கத்துகிறார்கள். "பாலத்த அடைச்சாச்சி! சீக்கிரம் தொறம்மா, இவனுங்க என்ன அடிக்கறதுக்குள்ள!"

"திறங்கண்ணா."

ஒரு ஆள் திருகினால் கால் மணி நேரம் ஆகும். மஞ்சுளா மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிரே நின்று சுற்றினார்கள். இரும்பு முனகியது. முதலில் ஷட்டர் அடியில் ஒரு சீறல். பிறகு மேடையே அதிர, காலடியில் பழுப்புத் தண்ணீர் பாய்ந்தது. கால்வாயில் கிடந்த தெர்மோகோல் துண்டும் ஒற்றைச் செருப்பும் நுரையில் ஏறி முன்னால் ஓடின.

மூன்றாவது ஷட்டரை ஏற்றி முடித்தபோது வெயில் வந்தது. மேகம் விலகி, ஏரி முழுக்கப் பளபளவென்று, கண் கூசும் வெயில். மஞ்சுளா அண்ணாந்து பார்த்தாள். கைப்பேசி அடித்தது. ரகுபதி. அவள் எடுக்கவில்லை. பென்னலூர் லஸ்கரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் வேர்வையில் ஊறிய காக்கிச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, மேடையின் இரும்புக் கம்பியில் உலரப் போட்டார். பனியனோடு குந்தி உட்கார்ந்தார். கீழே தண்ணீர் இரைந்துகொண்டு போயிற்று. சட்டை சற்று நேரம் அசையாமல் தொங்கியது. பிறகு கிழக்கிலிருந்து, மழை வரும் திசையிலிருந்து, ஒரு காற்று வந்து, அதன் ஈரமான ஒரு கையை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்தது. விட்டது. மறுபடியும் தூக்கியது.